நிழற்பிழை திருத்திய பேரறிஞர் ஜி. என். இராமச்சந்திரன்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் நாள்தோறும் பயணம் செய்யும் நம் மாணவர்கள் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என நிலையங்களைக் கடந்து கிண்டியை அடைகின்றனர். இப்பெயர்களுள் இரண்டு, ஓர் அறிவியலாளரின் வாழ்வை விளக்குதற்கு நமக்குப் பெரிதும் துணைபுரிவன. சானடோரியம் என்பது 1928இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். குரோம்பேட்டை என்பது குரோம் லெதர் கம்பெனி என்னும் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர். நெஞ்சகத்தை ஊடுகதிரால் படமெடுத்து நோய் காணுதல் முன்னதன் பணி. விலங்கின் தோலைப் பதப்படுத்திப் பயன்பொருள் ஆக்குதல் பின்னதன் பணி. தோலுக்கு உறுதி தரும் புரதத்தின் உள்ளமைப்பைக் கண்டு சொன்னவரும், ஊடுகதிர்ப் படத்தில் நிழலின்மேல் நிழல் விழுந்து கலங்கும் கலக்கத்தை நீக்கும் கணக்கினை வகுத்தவரும் ஒருவரே. அவர் அதே இருப்புப்பாதையின் ஓரத்து ஊராகிய கிண்டியில் 1952 முதல் 1970 வரை ஆசிரியராக விளங்கினார். அவர்தாம் ஜி. என். இராமச்சந்திரனார்.

கோபாலசமுத்திரம் என்னும் நெல்லைச் சீமை ஊரின் பெயரே அவருடைய பெயரின் முதலெழுத்தாய் நிற்பது. ஆயினும் அவர் பிறந்தது கொச்சி நாட்டு எர்ணாகுளத்தில், 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள். தந்தையார் நாராயண ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். கணிதம் இவருக்கு வீட்டுச் சொத்தாகவே வாய்த்தது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டம் பயின்று, 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின்பொறியியல் துறையில். அங்கே இயற்பியல் துறையில் சர் சி. வி. இராமன் இருந்தார். இம்மாணவரின் திறம் கண்ட இராமன் அவரைத் தம் துறைக்கே இழுத்துக்கொண்டார். ஒரு நல்ல மின்பொறியாளரை நாடு இழந்தது. அவ்விழப்புக்காக வருந்துவார் எவரும் இரார்.

ஒளியும் படிகமும் இராமனின் ஆய்வுக்களங்கள். கண்ணாற் காணும் ஒளியை விடுத்துக் கண்ணுக்குப் புலனாகாத ஊடுகதிரைத் தம் கருவியாகக் கொண்டார் மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வுப் பட்டமும், 1947இல் அறிவியல் முனைவர் பட்டமும் பெற்றபின் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வூஸ்டர் என்பாரின்கீழ் ஈராண்டுகள் பணிபுரிந்து அங்கும் ஒரு முனைவர் பட்டம் பெற்றார். அந்நாளில் அவ்வாய்வகத்தின் தலைவர், ஊடுகதிர்ப் படிகவியலின் தந்தையருள் ஒருவரான லாரன்ஸ் பிராக். 1949இல் தாயகம் திரும்பிய இராமச்சந்திரனார் பெங்களூரில் உதவிப் பேராசிரியரானார்.

அக்காலத்தே சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். இயற்பியலுக்கெனத் தனித்துறை காண விரும்பிய அவர் இராமனை அணுகினார். இராமன் தம் மாணவரைச் சுட்டினார். 1952இல், 30 வயது நிரம்பும் பருவத்தில், இராமச்சந்திரனார் துறைத் தலைவராகக் கிண்டிக்கு வந்தார். அகவையை நோக்காது ஆற்றலை நோக்கிய முதலியாரின் துணிவை இங்கு நாம் போற்றாமல் இருத்தல் இயலாது. இன்று ஒரு பணியிடத்திற்கு எத்தனை சான்றிதழ்கள், எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டுமென்று கேட்கிறோம் என்பதை நம் ஆசிரிய நண்பர்கள் அறிவர்.

துறை அமைந்தது, ஆய்வுப் பொருள் அமையவில்லை. அந்நிலையில் சென்னைக்கு வந்திருந்த ஆங்கில அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்காத புதிராகவே உள்ளது என்று சொல்லிச் சென்றார். கொலாஜன் தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் உள்ள நார்ப்புரதம். தோல் பதனிடும்போது மயிரும் கொழுப்பும் நீங்கிப் பதம்பெற்று எஞ்சும் நார் இதுவே. வாணியம்பாடி, ஆம்பூர், பல்லாவரம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தோல் வணிகம் செய்துவரும் நம் பெரியோர்கள் கைகளால் தடவியே தரம் அறிந்த பொருள் அது. அவ்வணிகத்தின் வருவாயில் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்த வரலாறு நாம் அறிந்ததே. அப்பொருளின் உள்ளே அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்ற வினா, கிண்டியை அடுத்து அடையாற்றில் அமைந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு மிக அருகிலேயே விடை காணப்பட்டது பொருத்தமுடைத்து. ஆய்வுக்குரிய நார்களைப் பெறுவதில் அந்நிறுவனத்தார் உதவினர். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த படங்கள் தெளிவாக அமைந்தன.

இங்கே படம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். நார் ஒன்றின்மீது ஊடுகதிரைச் செலுத்தினால் படத்தாளில் விழுவது அந்நாரின் உருவம் அன்று. சில புள்ளிகளும் வளைந்த கோடுகளுமே. நிழற்படக் கருவியில் ஒளியைக் குவித்து உருவமாக்கும் கண்ணாடிவில்லை உண்டு. அணுவைக் காட்டவல்ல அத்தகைய வில்லை அன்று ஊடுகதிருக்கு இல்லை. எனவே வில்லை செய்ய வேண்டிய வேலையை மனிதனின் கணக்கே செய்ய வேண்டும். அதிலும் கதிர்களின் செறிவு மட்டுமே படத்தில் பதியும். அவை எந்நிலையில் வந்து சேர்ந்தன என்னும் செய்தி தொலைந்துபோகும். எழுத்துகள் இருந்து புள்ளியும் சந்தியும் அழிந்த ஓலைச்சுவடியைப் படிப்பதற்கு ஒப்பான செயல் இது.

புகழ்மிக்க லைனஸ் பாலிங் 1951இல் கொலாஜனுக்கு ஓர் அமைப்பினை முன்மொழிந்தார், அது பொருந்தவில்லை. இராமச்சந்திரனாரும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் வேறொரு தடயத்தைப் பற்றிச் சென்றனர். கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் மிகச்சிறிய அமினோ அமிலம். அது ஏன் சரியாக மூன்றில் ஒன்றாக இருத்தல் வேண்டும்? மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி நிற்குமாயின், நடுவேயுள்ள நெருக்கடியான இடத்தில் மிகச் சிறியதொன்றே அமர இயலும். ஒவ்வொரு மூன்றாம் இடமும் நடுவை நோக்கித் திரும்பும். இந்த எண்ணமே 1954ஆம் ஆண்டு ஆகஸ்டில் நேச்சர் இதழில் முச்சுருள் அமைப்பாக வெளிவந்தது. வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் ஈரிழைச் சுருளை அறிவித்த மறு ஆண்டு அது. 1955இல் கிண்டிக் குழுவினர் தம் அமைப்பைத் தாமே திருத்தினர். மூன்று சுருள்களும் கயிற்றின் புரிகளைப்போல ஒன்றையொன்று மெல்லச் சுற்றிச் செல்கின்றன என்று மறுமுறை எழுதினர்.

அதே ஆண்டில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தம் கட்டுரையை வெளியிட்டனர். முச்சுருளை அவர்களும் ஏற்றனர். ஆனால் சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு என்று கிண்டிக் குழுவினர் சொன்னதை மறுத்தனர். ஒன்றே உண்டு என்றனர். இரண்டு இருக்குமாயின் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவு நெருங்கிவிடும் என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய குறை. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த குரலுக்கு அன்றைய உலகில் இருந்த வலிமை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. இப்பூசலில் யார் வென்றார் என்று கேட்போருக்கு நேர்மையான விடை இது: முச்சுருள் கிண்டியினுடையது, பிணைப்பின் எண்ணிக்கையில் கேம்பிரிட்ஜார் சொன்னதே சரி. 1994இல் வெளிவந்த நுண்மையான படிக ஆய்வு, நேரடிப் பிணைப்பு ஒன்று என்பதையும், நீர்மூலக்கூறுகள் சூழ நின்று சங்கிலிகளை இணைப்பதையும் காட்டிற்று. நம்மவர் என்பதற்காக இரண்டையும் அவருக்கே எழுதி வைப்பது அவர் பயின்ற துறைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நெருங்கிவிடும் என்றார்களே, எவ்வளவு நெருங்கலாம்? இவ்வினாவை இராமச்சந்திரனார் விட்டுவிடவில்லை. சினத்தில் மறுப்புரை எழுதுவோர் பலர். மறுப்பில் உள்ள வினாவை எடுத்து ஆய்வோர் சிலர். அதுவரை உலகில் துணியப்பட்ட படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி, அவற்றில் கார்பனும் ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் பிணைப்பின்றி எவ்வளவு அண்மையில் நிற்கின்றன என்று அளந்து அட்டவணையிட்டனர். பின்னர் அந்த அளவுகளைக் கொண்டு புரதச் சங்கிலியையே சோதித்தனர். சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இடங்களில் மட்டுமே திருப்பம் நிகழும். ஒரு திருப்பத்தின் கோணத்தைக் கிடையாகவும் மற்றதைச் செங்குத்தாகவும் வைத்து ஒரு கட்டம் வரைந்து, எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்கின்றன, எவற்றில் முட்டாது நிற்கின்றன என்று புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டனர். கணினி எளிதில் கிட்டாத காலம், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இளம் ஆய்வாளர்கள் உடன் உழைத்தனர். முடிவில் அக்கட்டத்தின் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட நிலமாகவும், சிறிய தீவுகள் சிலவே புரதம் வாழத்தக்க நிலமாகவும் தெரிந்தன. 1963இல் வெளிவந்த அப்படம் இராமச்சந்திரன் வரைபடம் என்று இன்று உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

தமிழ் பயில்வோர்க்கு இதன் பயனை நம் துறையிலிருந்தே விளக்கலாம். ஏடெழுதுவோர் கைப்பிழையால் புகுந்த பாடங்களை உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கிக் களைந்தார். 1887இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி அவ்வுழைப்பின் கனி. யாப்பு அறிந்த பதிப்பாசிரியர், தளை தட்டும் இடத்தில் பிழை இருக்கக்கூடும் என்று உடனே ஐயுறுவார். இராமச்சந்திரன் வரைபடம் புரதத்தின் யாப்பிலக்கணம். ஊடுகதிராலோ மின்னணு நுண்ணோக்கியாலோ ஒருவர் ஒரு புரதத்தின் உருவை வரைந்து உலகப் பொதுப் புரதத் தரவகத்தில் ஒப்படைத்தால், அவ்வுருவின் கோணங்கள் இவ்வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கப்படுகின்றன. தடைப்பட்ட நிலத்தில் விழும் புள்ளிகள் சிவப்புக்கோடிட்ட சொற்கள்போல் தனித்துத் தெரியும். அவற்றுட் சில உண்மையாகவே அரிய வடிவங்களாகவும் இருக்கலாம். பெரும்பாலானவை படத்தைப் படித்தவரின் பிழைகள். குறை சொல்லப்பட்ட ஓர் அமைப்பிலிருந்து, பிறர் குறைகளைக் காட்டும் உரைகல் பிறந்த வரலாறு இது.

1969இல் முதலியார் துணைவேந்தர் பொறுப்பினின்று நீங்கினார். மறு ஆண்டு இராமச்சந்திரனாரும் கிண்டியை விட்டகன்றார். 1971 முதல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையை உருவாக்கினார்; இடையிடையே அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராகப் பணியாற்றினார். ஆரவாரமின்றி அவர் செய்த இரண்டாம் பெரும்பணி இக்காலத்தது. முன்னதைக் காட்டிலும் இது நம் இல்லங்களுக்கு அண்மையது.

தொடக்கத்தில் சானடோரியத்தைக் குறிப்பிட்டோம். நெஞ்சகத்தின் ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்தவர்க்கு அதன் இடர்ப்பாடு விளங்கும். விலா எலும்பு, இதயம், நுரையீரல் எல்லாம் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாய் விழும் நிழல்கள். எலும்பின் நிழலுக்குப் பின்னே ஒளிந்த சிறு புண்ணை வல்ல மருத்துவரும் காணத் தவறுவர். உடலைச் சுற்றிப் பல கோணங்களில் நிழலெடுத்தால் உள்ளே இருப்பதை மீட்டுரைக்கலாம் என்பதற்குரிய கணித அடிப்படையை ஆஸ்திரியரான யோகான் ராடோன் 1917இலேயே நிறுவியிருந்தார். ஆனால் அதனைச் செய்வது எப்படி?

எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு கோணத்தில் கிடைத்த நிழலையும் வந்த வழியே திருப்பித் தாளின்மீது இழுத்துப் பூச வேண்டும். எல்லாப் பூச்சுகளும் கூடும் இடத்தில் பொருள் தோன்றும். தோன்றும், ஆனால் தெளிவாகத் தோன்றாது. ஒரே ஒரு புள்ளியை அவ்வாறு மீட்டால், நடுவே புள்ளியும் அதைச் சுற்றிப் பூச்சுகளின் கறையும் சேர்ந்து பனிக்காலத்துத் தெருவிளக்குப்போல் காட்சி தரும். மூளையின் சிறு கட்டி அக்கறையில் கரைந்துபோகும். ஃபூரியே மாற்றம் என்னும் கணிதமுறையால் இக்கறையை நீக்கலாம். கேம்பிரிட்ஜில் டிரோசியரும் கிளக்கும் 1968இல் மின்னணு நுண்ணோக்கிப் படங்களுக்கு அம்முறையைக் கையாண்டனர். அன்றைய கணினிகளுக்கோ அது பெருஞ்சுமை.

இராமச்சந்திரனாரும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை இச்சுமையை இறக்கியது. பூசுவதற்கு முன்னரே ஒவ்வொரு நிழலையும் திருத்திவிட வேண்டும் என்பது அதன் சாரம். கணிதத்துறை நண்பர்களின் துணையோடு நாம் புரிந்துகொண்டவாறு அத்திருத்தத்தைச் சொல்கிறோம். நிழலின் ஓரிடத்து அளவை எடுத்து அதில் கால்பங்கை வைத்துக்கொள்ள வேண்டும். அதன் இருமருங்கிலும் 1, 3, 5, 7 எனும் ஒற்றைப்படைத் தொலைவில் உள்ள அளவுகளின் சிறு பங்குகளைக் கழிக்க வேண்டும். முதல் அண்டைக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மூன்றாவதற்கு அதில் 9இல் ஒன்று. ஐந்தாவதற்கு 25இல் ஒன்று. இரட்டைப்படை இடங்களை முற்றும் விட்டுவிடலாம். கழித்தல்கள் அனைத்தையும் முடிவின்றிக் கூட்டிச் சென்றால் நடுவில் வைத்த கால்பங்கிற்கு மிகச் சரியாக ஈடாகும். இவ்வாறு திருத்திய நிழல்களைப் பூசினால், ஒரு பூச்சின் கழித்தல் மற்றொரு பூச்சின் கறையைத் துடைத்துவிடும். பெருக்கலும் கழித்தலும் கூட்டலுமே வேண்டுவன. ஒரு கோணத்து நிழல் வந்தவுடனே அதனைத் திருத்தத் தொடங்கலாம். எல்லாம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இத்திருத்தக் கருவிக்கு இருவர் பெயரையும் இணைத்து ராம்–லாக் வடிப்பான் என்று துறையினர் பெயரிட்டுள்ளனர்.

இங்கும் நம்மவர் சிலர் மிகைபடக் கூறுவதுண்டு. சி.டி. ஸ்கேன் கருவியைக் கண்டுபிடித்தவர் இராமச்சந்திரனாரே என்றும், நோபல் பரிசு அவரிடமிருந்து தட்டிப் பறிக்கப்பட்டது என்றும் மேடைகளில் கேட்கிறோம். உண்மை வேறு. காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு தம் கருவியால் 1971 அக்டோபரில் இலண்டன் விம்பிள்டன் மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தார். அவர் கையாண்ட கணக்குமுறை வேறு. ஆலன் கார்மாக்கின் கணிதக் கட்டுரைகள் 1963, 1964ஆம் ஆண்டுகளில் வந்தவை. 1979இல் அவ்விருவருக்கும் பரிசு கிடைத்தது முறையே. வானொலி விண்ணியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இலேயே இதையொத்த முறையைக் கண்டிருந்தனர். ஆயினும் பின்வந்த ஸ்கேன் கருவிகள், ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் முறையை விடுத்து, நிழலைத் திருத்திப் பூசும் இவ்வழியையே பல்லாண்டுகள் பெரிதும் பின்பற்றின. பரிசுப் பட்டியலில் இல்லாத பெயர் கருவியின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதற்குமேல் நாம் உரிமை கோர வேண்டுவதில்லை. அதற்குக் குறைவாகவும் சொல்ல வேண்டுவதில்லை.

காட்சிப் பிழைகளைத் தனியே எடுத்து ஆராயும் மரபு பழமையானது. பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் தம் ஒளியியல் நூலில் கண் எவ்வெவ்வாறு ஏமாறுகிறது என்பதற்கெனத் தனிப்பகுதியே ஒதுக்கினார். இன்று உயிர்த்திசுக்களை நூற்றுக்கணக்கான நிறக்கூறுகளில் ஒருங்கே படமெடுக்கும் கருவிகள் வந்துள்ளன. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் முழு நிறமாலையே அடங்கியிருக்கும். நோயுற்ற திசுவை நல்ல திசுவினின்று நிறவேற்றுமையால் பிரித்தறிய அவை உதவுகின்றன. அவற்றிலும் பிழைகள் உண்டு. வில்லை ஒவ்வொரு நிறத்தையும் சற்றே வெவ்வேறு இடத்தில் குவிக்கிறது. நேராக விழ வேண்டிய நிறக்கோடு வளைந்துவிடுகிறது; அதற்குப் புன்னகைப் பிழை என்றே பெயர். திசுவினுள் ஒளி சிதறிப் புள்ளிகள் மங்குகின்றன. வடிவம் தெரிந்த பொருளை முதலில் படமெடுத்து, கருவி அதனை எவ்வாறு கெடுக்கிறது என்று அளந்து, அக்கேட்டினைக் கணக்கால் மீட்பது இங்கும் கையாளும் வழி. இத்துறைகளில் நுழையும் நம் இயற்பியல், உயிரியல் மாணவர்கள் தம் கணினியில் வடிப்பான்களின் பட்டியலைத் திறக்கும்போது ராம்–லாக் என்ற பெயரைக் காணக்கூடும். அதன் முற்பாதி எவர் பெயர் என்று அவர்கள் கேட்டறிய வேண்டும்.

இலண்டன் அரச கழகம் 1977இல் இராமச்சந்திரனாரைத் தன் உறுப்பினராக்கியது. இந்திய அரசின் பட்நாகர் பரிசினை அவர் 1961இலேயே பெற்றிருந்தார். பிற்காலத்தில் படிகங்களை விட்டுத் தருக்கவியலில் ஈடுபட்டார். ஒரு கூற்று உண்மை, பொய் என்னும் இரண்டோடு நில்லாது ஐயத்திற்கும் இடமளிக்கும் சமணர் தருக்கமுறையைக் கணித வாய்பாடுகளாக எழுத முயன்றார். இசையிலும் கவிதையிலும் நாட்டம் மிக்கவர். முதுமையில் நடுக்கநோயும் பக்கவாதமும் அவரைத் தளர்த்தின. 1945இல் மணந்த துணைவியார் இராஜலட்சுமி 1998இல் மறைந்தபின் அத்தளர்ச்சி மிகுந்தது. படிகவியலார் தம் துறையின் பெருஞ்சிறப்பாகக் கருதும் எவால்டு பரிசு 1999இல் அவருக்கு வழங்கப்பெற்றது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் உயிர் நீத்தார். கிண்டியில் அவர் வளர்த்த ஆய்வு, படிகவியல் உயிரியற்பியல் துறையாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அவ்வளாகத்திலேயே தொடர்ந்தது.